மூச்சுக்குழியில் கட்டிய வீடுகள்

வேலமரக் காட்டின் நடுவே ஒரு செம்மண் மேடு. அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று. அதற்குள் கறையான்களின் ஊர் இருந்தது. நடு அறையில் ராணிக் கறையான் ஓயாமல் முட்டையிட்டது. அதைச் சுற்றிக் காளான் தோட்டம். கறையான்கள் சருகைத் தின்று வந்து, கழித்த எச்சத்தின்மேல் காளான் வளர்த்து, அதையே சாப்பிட்டுப் பிழைத்தன.

அந்த ஊரில் அடியிலிருந்து உச்சிவரை மூன்று குழிகள் இருந்தன. அவற்றில் யாரும் குடியிருக்கவில்லை. ஒரு பிடி சருகைக்கூட யாரும் அங்கே சேர்த்து வைக்கவில்லை. உள்ளே சேரும் வெக்கை அந்த வழியாக வெளியே போகும், குளிர்ந்த காற்று உள்ளே வரும். அவற்றுக்கு மூச்சுக்குழி என்று பெயர். காற்று திசை மாறும்போது குழிவாயை மண்ணால் கொஞ்சம் மூடவும் திறக்கவும் ஒரு சிறு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு மூத்தது ஊதலி.

ஊதலியின் தங்கை பொடிச்சி பிள்ளையறையில் வேலை பார்த்தது. அந்த வருஷம் நல்ல மழை. காளான் கொழித்தது, முட்டைகளும் பெருகிவிட்டன. பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பொடிச்சிக்கு மனசு தாங்கவில்லை. தலைவன் கடுவாயனிடம் போனது. கடுவாயன் சிப்பாய்க் கறையான். அதற்குத் தாடை பெரிசு, யோசனை கொஞ்சம் கம்மி.

"ஐயா, எம் புள்ளைங்க மிதிபட்டுச் சாகுதுங்க. ஒரு அறை கட்டிக் குடுங்க."

"வெளியே கட்டணும்னா மாசக்கணக்காகும்," என்றது கடுவாயன். "உள்ளேயே எவ்வளவு இடம் சும்மா கெடக்கு! அந்த மூணு குழியில யார் இருக்கா?"

விஷயம் கேள்விப்பட்டு ஊதலி ஓடி வந்தது.

"சும்மா கெடக்கலைங்க ஐயா. அதுல காத்து போய் வருது."

"காத்துக்கு எதுக்கு வீடு?" என்றது கடுவாயன். சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரித்தன. தலைவன் பேசினால் சிரிப்பதுதான் அவற்றின் முக்கியமான வேலை.

ஊதலி தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தது. "ஒரு குழிதானேக்கா. இன்னும் ரெண்டு இருக்கே," என்றது பொடிச்சி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கிறவளிடம் அதற்குமேல் என்ன சொல்வது? ஊதலி தன் குழிவாய் வேலைக்குத் திரும்பிவிட்டது.

தெற்குக் குழியின் அடியில் பொடிச்சிக்கு அறை கட்டினார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் சும்மா இருப்பார்களா? அதற்குமேல் இன்னொரு குடும்பம், அதற்கும் மேல் இன்னொன்று என்று உச்சிவரை அறைகள் எழும்பின. பிறகு மார்கழிப் பனி வந்தது. புற்று முன்னெப்போதையும்விடக் கதகதப்பாக இருந்தது.

"எங்கேம்மா உன் காத்து? அது இல்லாம நாங்க சுகமாத்தானே இருக்கோம்?" என்று எல்லோரும் ஊதலியைச் சீண்டினார்கள். தை முடிவதற்குள் மற்ற இரண்டு குழிகளும் நிரம்பிவிட்டன. ஊதலியின் கூட்டத்தைக் கலைத்து, சுவர் பூசும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பங்குனியில் காளான் தோட்டத்தில் புளித்த வாடை அடித்தது. சித்திரையில் சுவரைத் தொட முடியவில்லை.

"வெயில் வெளியேயிருந்துதானே வருது? சுவரை இன்னும் தடிமனாப் பூசுங்க," என்று உத்தரவு போட்டது கடுவாயன்.

"ஐயா, சூடு உள்ளேயிருந்து கெளம்புது. நம்ம மூச்சும் காளானோட ஆவியும் வெளியே போக வழியில்லாம நிக்குது. நீங்க மூடி போடறீங்க," என்றது ஊதலி.

யாரும் கேட்கவில்லை. பூசினார்கள். வெக்கை இரண்டு மடங்கானது. காளான் கறுத்து அழுகியபிறகுதான் கடுவாயனுக்கு உறைத்தது. தெற்குக் குழியை மட்டுமாவது திறக்கச் சொன்னது.

மேல் அறைக்காரர்கள், "கீழேயிருந்து ஆரம்பிங்க," என்றார்கள். நடு அறைக்காரர்கள், "எங்க அறை ஒண்ணாலதான் காத்து நிக்குதா?" என்று கேட்டார்கள். ஊதலி தங்கையிடம் வந்தது.

"பொடிச்சி, உன் அறையை நீயே முதல்ல இடிச்சிரு. புள்ளையறையே போயிடுச்சுன்னா மத்தவங்க வாயைத் திறக்க மாட்டாங்க."

"எம் புள்ளைங்களை எங்கேக்கா போடுவேன்? மேலே இருக்கறவங்க முதல்ல இடிக்கட்டும். அப்புறம் நான் இடிக்கறேன்."

இரண்டு நாள் இந்தப் பேச்சே ஓடியது. இனி பேசிப் பயனில்லை என்று ஊதலி வெளியே போய், புற்றின்மேல் ஏறி, உச்சியைக் கடித்துத் துளைத்தது. கறையானின் உடம்பு வெயிலைத் தாங்காது. அது தெரிந்துதான் ஏறியது. துளை விழுந்தது. மேல் அறையில் மட்டும் கொஞ்சம் காற்று வந்தது. அந்த அறைக்காரர்கள் இப்போதாவது தரையை உடைத்துக் கீழே காற்றை விட்டார்களா? இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு சுகமாகப் படுத்தார்கள். ஊதலி உச்சியிலேயே காய்ந்து செத்தது.

மூன்றாம் நாள் பிள்ளையறையில் சின்னஞ்சிறுசுகள் அசையவில்லை. பொடிச்சி ஒவ்வொன்றையும் நக்கி எழுப்பிப் பார்த்தது. பிறகு தன் அறைக் கூரையைத் தானே இடித்தது. தாடை உடையும்வரை இடித்தது. இடித்ததும் மேலே இன்னொருவர் தரை முட்டியது.

"கொஞ்சம் ஒடைங்களேன், எம் புள்ளைங்க போயிட்டு இருக்குதுங்க," என்று கெஞ்சியது.

"எங்களுக்கு மேலே இருக்கறவங்களைக் கேளு," என்று பதில் வந்தது.

ராணி முட்டையிடுவதை நிறுத்தியது, அடுத்த நாள் மூச்சையும் நிறுத்தியது. மேல் அறைக்காரர்களுக்குக் காற்று இருந்தது, தின்னக் காளான் இல்லை. நடக்க முடிந்தவை எல்லாம் புற்றைவிட்டுக் கிளம்பின. கடுவாயன் போகிற வழியில் பிள்ளையறைக்குள் தலையை நீட்டியது.

"வா, வேற எடத்துல புதுசாக் கட்டிக்கலாம்."

பொடிச்சி செத்த பிள்ளைகளைச் சுவரோரம் வரிசையாக நகர்த்திக்கொண்டிருந்தது.

"நான் எடம்தானேங்க ஐயா கேட்டேன்," என்றது. "இப்ப ஊர் முழுக்க எடம் கெடக்கு. நீங்க போங்க."

ஊருக்கெல்லாம் பொதுவான மூச்சு வழியைக் காலி இடம் என்று நினைத்து, ஆளுக்கு ஓர் அறை கட்டிக்கொள்கிற ஊரில், கடைசியில் அறைகள் மட்டுமே மிஞ்சும்.