பத்து எண்ணும்வரை

குளத்தங்கரையில் அன்று மல்யுத்தம்! கரடி கருமலையும் காட்டுப்பன்றி மொட்டையனும் மோதப் போகிறார்கள். காடே திரண்டு வந்துவிட்டது. இடம் பிடிக்க முயல்கள் அடித்துக்கொண்டன.

பூவரசங் கிளையில் மட்டும் ஓணான் சோணை அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் நாலைந்து மைனாக்கள். இவர்கள் சாதாரண ரசிகர்கள் இல்லை, விவரம் தெரிந்த ரசிகர்கள்! யார் ஜெயிப்பது என்று மல்லர்கள் இரண்டு பேரும் முன்பே பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் புதரில் ஒளிந்திருந்து கண்டுபிடித்தவனே சோணைதான். அன்றிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. மொட்டையன் பாய்ந்தான்! கருமலை அவனைத் தூக்கிச் சுழற்றினான்! பதிலுக்கு மொட்டையன் 'பளார்' என்று ஓர் அறை விட்டான்!

"சத்தம் கேட்டுச்சா? அது கன்னத்துல இல்ல, தன் தொடையில தட்டுறான்!" என்றான் சோணை. மைனாக்கள் மெய்மறந்து கேட்டன.

கீழே எருமை மாரக்கா வழக்கம்போல அழுதுகொண்டிருந்தாள். "ஐயோ, அவனை விட்டுடு மொட்டையா!"

"அக்கா, கண்ணீரை மிச்சம் வையுங்க! கருமலை தண்ணியில விழுவான். பத்து எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சு ஜெயிப்பான். எல்லாம் பேசி வெச்சது!"

கரையே சிரித்தது. மாரக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

சோணை சொன்னது பலித்தது! மொட்டையன் முட்டிய முட்டில் கருமலை குளத்தில் தொபுக்கடீர் என்று விழுந்தான். நடுவர் கொக்கு எண்ணத் தொடங்கியது. "ஒன்று! இரண்டு!"

மொட்டையன் தண்ணீரில் இறங்கிக் குனிந்து கருமலையின் கையை மெல்ல அழுத்தினான். விழுந்தவன் திருப்பி அழுத்தினால் அடி ஒன்றுமில்லை என்று அர்த்தம். அந்த ரகசியமும் சோணைக்குத் தெரியும். கருமலை திருப்பி அழுத்தவில்லை.

"ஐயோ! பாறையில மண்டை இடிச்சிருக்கு! சேத்துல சிக்கிக்கிட்டான்! யாராவது வாங்க, என்னால தனியா தூக்க முடியல!" என்று அலறினான் மொட்டையன்.

சோணைக்குப் புல்லரித்தது. "ஆகா! கையைக்கூட அழுத்தாம நடிக்கிறான்டா! இப்படி ஒரு நடிப்ப நான் பாத்ததே இல்ல!"

எழுந்து ஓடிய நரிகளை அவன் கத்தி நிறுத்தினான். "உக்காருங்கப்பா! பத்துக்கு எந்திரிச்சிடுவான்!" விவரம் தெரிந்தவன் சொல்கிறானே என்று நரிகளும் உட்கார்ந்தன.

"ஏழு! எட்டு!"

மாரக்காவால் பொறுக்க முடியவில்லை. சேற்றைக் கிழித்துக்கொண்டு குளத்தில் இறங்கினாள்.

"அக்கா, ஆட்டத்தைக் கெடுக்காதீங்க!"

"கெட்டா கெட்டுப் போகட்டும்டா!"

"ஒன்பது! பத்து!" என்று கொக்கு எண்ணி முடித்தது. கருமலை எழவில்லை. எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் சோணையின் தலை அப்படியே நின்றுபோயிற்று.

மாரக்கா கொம்பைக் கொடுத்துத் தூக்கினாள், மொட்டையன் பின்னாலிருந்து தள்ளினான். கரையில் கிடத்தி முதுகில் ஓங்கித் தட்டியதும் கருமலை சேற்றைக் கக்கினான், இருமினான், மூச்சு விட்டான்! கூட்டம் குதித்தது. இவ்வளவு பெரிய ஆரவாரத்தை அந்தக் குளத்தங்கரை கேட்டதே இல்லை.

சோணை மரத்திலிருந்து இறங்கி வந்தான். "அண்ணே, மன்னிச்சிடுங்க. நடிக்கிறீங்கன்னு நெனச்சிட்டேன்."

கருமலை ஈனசுரத்தில் சொன்னான்: "யாரு ஜெயிக்கணும்னுதான் தம்பி பேசி வெப்போம். விழுகிற உடம்பு நிஜமாத்தான் விழுகுது!"

உள்விவரம் அத்தனையும் தெரிந்திருந்தாலும், அடுத்தவர் வலியைக் கண்டு பதறாதவன் ஒன்றும் தெரியாதவனே.