பள்ளியறைக் கதவைத் திறந்தவன்

முன்னொரு காலத்தில், எந்தப் படைக்கும் அஞ்சாத மன்னன் ஒருவன் தன் பள்ளியறைக் கதவுக்கு அஞ்சி வாழ்ந்தான். அவன் பெயர் நெடுங்கோமான்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அவனுக்கு முன் அரியணையில் இருந்த அண்ணனை, உறங்கிக்கொண்டிருக்கும்போது, சொந்தக் காவலர்களே கதவைத் திறந்துகொண்டு போய்க் கொன்றிருந்தார்கள். விடிந்ததும் அண்ணனின் உடலை முதலில் பார்த்தவன் நெடுங்கோமான்தான். முடிசூட்டிக்கொண்ட கையோடு அவன் இட்ட முதல் ஆணை, தனக்கு ஒரு நல்ல கதவு செய்ய வேண்டும் என்பது.

செய்தார்கள். நல்ல தேக்கில் கனத்த ஒற்றைக் கதவு. உள்பக்கம் பூட்டு. சாவியைத் திருப்பினால் பூட்டின் இரும்பு நாக்கு நீண்டு, கல் நிலையில் குடைந்த துளைக்குள் போய் உட்காரும். சாவி ஒன்றே ஒன்று. அதை மன்னன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். காவலர்களையும் அவன் நம்பவில்லை. காவல் நிற்பவன் தாழ்வாரத்தின் மறுகோடியில், கதவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும்.

சில காலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஐப்பசி அடைமழை வந்தது. ஒருநாள் காலையில் மன்னன் கண் விழித்தபோது கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

யாரும் உள்ளே வந்திருக்கவில்லை. ஒரு பொருளும் தொலையவில்லை. ஆனாலும் மன்னன் வாளை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை கட்டிலை விட்டு இறங்கவில்லை. அன்று காவல் நின்றவனைச் சிறையில் அடைத்தார்கள். அரண்மனைக் காவல் தலைவர் மழவராயர் ஒரு யோசனை சொன்னார்.

"கதவில் ஓர் இரும்புத் தகடு அறைந்துவிட்டால் போதும் அரசே. எவனாலும் அசைக்க முடியாது."

மன்னன் ஆணையிட்டான், தகடு அறைந்தார்கள். சில நாளில் கதவு மறுபடியும் திறந்து கிடந்தது. இன்னொரு காவலன் சிறைக்குப் போனான். இன்னொரு தகடு ஏறியது. அதன்பிறகு இதுவே வாடிக்கையாகிவிட்டது. தை பிறப்பதற்குள் தேக்கு தெரியாத அளவுக்குக் கதவு முழுக்க இரும்பாகிவிட்டது. சிறையில் காவலர்களுக்கு இடமில்லை. கடைசியாகப் பிடிபட்டவன் மாசாணம்.

இந்த மாசாணம், அரசவை விகடகவி ஆவுடையானின் தங்கை வெள்ளையம்மாவின் கணவன். ஆவுடையான் வாயைத் திறந்தாலே அவை குலுங்கிய காலம் ஒன்று உண்டு. கதவு திறக்கத் தொடங்கியபின் மன்னன் சிரிக்கவில்லை. மன்னன் சிரிக்காததால் அவையும் சிரிக்கவில்லை. தன்னைவிட ஆவுடையான் மன்னனுக்கு நெருக்கமாக இருந்ததை நெடுநாளாகப் பொறுக்கமாட்டாமல் இருந்த மழவராயருக்கு அதில் ஒரு திருப்தி.

ஆவுடையான் அவையில் கைகூப்பி நின்றான்.

"அரசே, மாசாணம் அந்தக் கதவைத் திறக்கவில்லை."

"அப்படியானால் கதவு எப்படித் திறந்தது?" என்று கேட்டான் மன்னன். அவன் கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன.

மழவராயர் எழுந்தார்.

"குற்றவாளி வேறொருவன் என்று விகடகவி சொல்கிறார். நல்லது, அவனை அவரே பிடித்துச் சங்கிலியால் கட்டி இந்த அவைக்குக் கொண்டுவரட்டும். இயலாவிட்டால் மைத்துனருக்குத் துணையாகச் சிறையில் இருக்கட்டும்."

"அது மட்டும் போதாது" என்றான் மன்னன். "கொண்டுவரப்பட்டவன் மறுத்தால் நான் யாரை நம்புவது? என் கதவு திறந்ததற்குக் காரணமானவன், அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த அவை அதைக் கேட்க வேண்டும். பௌர்ணமிவரை அவகாசம்."

ஆவுடையான் நேரே சிறைக்குப் போனான். வெள்ளையம்மா கொடுத்தனுப்பிய கம்பங்கஞ்சியைக் கம்பிக்குள் நீட்டினான். மாசாணம் வாங்கிக் கீழே வைத்தான், குடிக்கவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். நான் கண்ணசந்திருப்பேனோ?"

"தூங்கலைன்னு நீதானே சொன்ன, மாப்பிள்ளை."

"சொன்னேன். தெனமும் வந்து கேக்குறாங்க. எதுக்குத் திறந்தே, யார் சொல்லித் திறந்தேன்னு. இல்லை இல்லைன்னு சொல்லி வாய் ஓஞ்சுபோச்சு. இப்பெல்லாம் கண்ணை மூடினா அந்தக் கதவு தெரியுது. ஒரு கை அதைத் தள்ளுது." மாசாணம் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தான். "இந்தக் கை மாதிரிதான் இருக்குது, மச்சான்."

ஆவுடையான் என்னென்னவோ சொல்லித் தேற்றிப் பார்த்தான். ஊரையே சிரிக்கவைத்த வாய்க்கு அன்று ஒரு வார்த்தையும் சரியாக வரவில்லை. கஞ்சி ஆறிப்போனது.

மறுநாள் பகலில் மன்னனிடம் அனுமதி கேட்டுப் பள்ளியறைக்குள் போனான். மன்னன் கட்டிலில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரசே, தாங்கள் வழக்கமாகக் கதவைப் பூட்டுவதுபோல ஒருமுறை பூட்டிக் காட்டுங்கள்."

மன்னன் எழுந்து கதவைத் தள்ளினான். அது கல்தளத்தில் கிறீச்சிட்டுக்கொண்டே வந்து பாதியில் நின்றது. தோளைக் கொடுத்து முட்டித் தள்ளினான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒருவழியாக நிலையோடு பொருந்தியதும் சாவியைத் திருப்பினான். சாவி முழுச்சுற்று வரவில்லை, முக்காலில் நின்றது.

"எப்போதும் இப்படித்தானா?"

"கொஞ்ச காலமாக. துருவாக இருக்கும்."

ஆவுடையான் மண்டியிட்டுப் பார்த்தான். தளத்தில் கதவு உரசிய தடம் அரைவட்டமாகப் பள்ளம் விழுந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேல் கீலின் ஆணிகள் பாதி பிடுங்கிக்கொண்டு வெளியே தலைநீட்டியிருந்தன. இடுக்கு வழியாகப் பூட்டின் நாக்கைப் பார்த்தான். அது துளைக்குள் உட்காரவில்லை. துளையின் கீழ் விளிம்பில் ஒரு நெல்லளவு தொற்றிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டொக்' என்று நழுவியது. முட்டித் தள்ளியிருந்த கதவு நான்கு விரல் அகலத்துக்குப் பின்வாங்கியது.

கட்டிலுக்குத் திரும்பியிருந்த மன்னன் விருட்டென்று வாளை எடுத்தான். "யாரது?"

"ஒருவருமில்லை, அரசே. முதன்முதலில் கதவு திறந்து கிடந்தபோது இதில் எத்தனை தகடு இருந்தது?"

"ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் அடித்தோம்."

ஆவுடையானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவன் வீட்டுக் கதவும் அடைமழையில் ஊதிக்கொண்டு பூட்ட வராது. அவன் மனைவி ஓர் உதை விட்டுச் சாத்துவாள். நாலு நாள் வெயில் காய்ந்தால் மரம் சுருங்கித் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். மன்னனின் கதவுக்கும் முதலில் வந்தது அவ்வளவுதான். அந்த வெயிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை.

அன்று அண்ணன் வந்து தலைகுனிந்து உட்கார்ந்ததைப் பார்த்து வெள்ளையம்மா அருகில் வந்தாள்.

"யாருன்னு தெரிஞ்சுதாண்ணே?"

"முதல்ல மழை."

"அப்புறம்?"

ஆவுடையான் குரலைத் தாழ்த்தினான். "ராஜாவேதான்."

அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இதை அவருகிட்ட சொன்னா உன்னை விட்டுவைப்பாரா?"

"தெரியல. சொல்லலைன்னா மாப்பிள்ளையை விடமாட்டாங்க."

"சிறையில அவரு என்னைப் பத்திக் கேட்டாராண்ணே?"

ஆவுடையான் கேட்டதாகச் சொன்னான். அது பொய். மாசாணம் முந்தின நாள் கதவையும் தன் கையையும் தவிர வேறெதையும் பற்றிப் பேசவில்லை.

பௌர்ணமியன்று காலையில் ஆவுடையான் மன்னனிடம் வந்தான்.

"அரசே, குற்றவாளிகள் பள்ளியறையிலேயே இருக்கிறார்கள். தாங்கள் அவையில் இருக்கும் நேரத்தில் பிடிக்க வேண்டும். சங்கிலி வேண்டும், தூக்க ஆட்கள் வேண்டும், ஒரு தச்சரும் வேண்டும்."

மன்னன் வெளிறிப்போய் அனுமதி கொடுத்தான்.

பிற்பகலில் அவைக்கு வெளியே தரதரவென்று எதையோ இழுத்துவரும் ஓசை கேட்டது. வியர்த்து வழிந்த ஆட்கள், சங்கிலியால் வரிந்து கட்டிய இரும்புத் தகட்டுக் குவியல் ஒன்றை மன்னனின் காலடியில் கொண்டுவந்து போட்டார்கள். மன்னன் அரியணையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான்.

"அரசே, தங்கள் கதவைத் திறந்தவர்கள் இவர்கள்" என்றான் ஆவுடையான்.

மழவராயர் கடகடவென்று சிரித்தார். "இரும்பா கதவைத் திறந்தது?"

"ஆம் ஐயா. மழையில் மரம் ஊதியது. வெயில் வந்திருந்தால் சுருங்கியிருக்கும். அதற்குள் ஒரு தகடு அறைந்தோம். பாரம் தாங்காமல் மேல் கீலின் ஆணி இளகியது. கதவு ஓரம் தாழ்ந்தது. கதவோடு நாக்கும் தாழ்ந்தது; நிலையில் இருந்த துளை தாழவில்லை. நாக்கு விளிம்பில் தொற்றி நின்று, பிறகு நழுவியது. திறந்துவிட்டதே என்று அடுத்த தகட்டை அறைந்தோம். கதவு இன்னும் தாழ்ந்தது. பூட்டாத கதவைப் பூட்டவைக்க நாம் செய்த ஒவ்வொன்றும் அதை மேலும் பூட்டவிடாமல் செய்தது."

அவையில் முணுமுணுப்பு எழுந்தது. மழவராயர் விடவில்லை.

"இரும்புக்கு வாய் ஏது? ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதல்லவா மன்னரின் ஆணை?"

"சரியாகக் கேட்டீர்கள். இரும்பு தானாக ஏறிக் கதவில் உட்காராது. இவற்றை அங்கே ஏற்றியவர்தான் வாய் திறக்க வேண்டும். ஏற்றியது தாங்களா?"

மழவராயரின் முகம் மாறியது. "நானா? நான் யோசனை சொன்னேன், அவ்வளவுதான். ஆணை என்னுடையதல்ல. மன்னரையே கேளுங்கள்."

ஆவுடையான் மன்னன் பக்கம் திரும்பினான். "அப்படியா, அரசே?"

"ஆம், நான்தான் அறையச் சொன்னேன்" என்றான் மன்னன். "ஒவ்வொரு தகட்டையும் நான்தான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

ஆவுடையான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "அவை கேட்டுவிட்டது, அரசே. சங்கிலியில் கட்டச் சொன்னார்கள், கட்டியாயிற்று. வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றீர்கள், அதுவும் ஆயிற்று. இனி என் தலை தங்களுடையது."

மன்னன் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொண்டையில் முதலில் ஒரு செருமல் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தான். மன்னன் சிரிப்பதைக் கண்டதும் அவை முழுவதும் சிரித்தது. மழவராயரும் சிரித்துவைத்தார்.

அன்று மன்னன் பள்ளியறைக்குப் போனபோது கதவு வெறும் தேக்காக நின்றது. தச்சர் இளகிய துளைகளில் மரமுளை அடித்து, நீண்ட ஆணிகளால் கீலை இறுக்கி, கதவைப் பழைய உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தார். மன்னன் ஒரு விரலால் தள்ளினான், மூடிக்கொண்டது. சாவி முழுச்சுற்று வந்தது. காலையில் எழுந்தபோது கதவு பூட்டியபடியே இருந்தது.

மன்னன் ஆவுடையானை அழைத்துத் தன் கைக்காப்பைக் கழற்றி அவன் கையில் மாட்டினான். மழவராயரைக் குதிரைக் கொட்டடி வேலைக்கு அனுப்பினான். வேறென்ன வேண்டும் என்று கேட்டான்.

"சிறையில் இருக்கும் காவலர்களை விட்டுவிட வேண்டும், அரசே."

"ஓ, அவர்களா. விட்டுவிடச் சொல்" என்றான் மன்னன். "நேற்று மழவராயர் முகம் போன போக்கை இன்னொருமுறை நடித்துக் காட்டு, ஆவுடையா."

ஆவுடையான் நடித்துக் காட்டினான். மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அதன்பிறகுதான் ஆவுடையானால் தங்கையையும் அழைத்துக்கொண்டு சிறைக்குப் போக முடிந்தது. முதல் மழையில் பிடிபட்ட காவலன் மார்கழியிலேயே இறந்துபோயிருந்தான். அதை மன்னனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மற்றவர்கள் வெளிச்சத்துக்குக் கண் கூச, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மாசாணம் வரவில்லை.

அவன் அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. அவன் உள்ளே மூலையில், இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வா மாப்பிள்ளை. வீட்டுக்குப் போலாம்."

"கதவு திறந்து கிடக்குது, மச்சான்."

"ஆமா. உனக்குத்தான் திறந்துவிட்டிருக்காங்க."

"நான் திறக்கலை" என்றான் மாசாணம். "இதை நான் திறக்கலை. ராஜாகிட்ட சொல்லுங்க."

கையில் காப்போடு ஆவுடையான் வாசலிலேயே நின்றான். வெள்ளையம்மா உள்ளே போய்க் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கக்கத்திலிருந்து ஒரு கையை மெல்ல உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பொழுது சாயும்போதுதான் அவனை எழுப்ப முடிந்தது.

நெடுங்கோமான் அதன்பின் நெடுங்காலம் நிம்மதியாக உறங்கி, நன்றாக ஆண்டான். கதவுக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு முறையும் சிரித்தான்; சொல்லி முடித்தால் பரிசும் கொடுத்தான். மாசாணம் மட்டும் பிறகு எந்தக் கதவிலும் கைவைக்கவில்லை. தன் வீடே ஆனாலும், சாத்தியிருந்தால் யாராவது வந்து திறக்கும்வரை வெளியிலேயே நிற்பான். அதனால் வெள்ளையம்மா வீட்டுக் கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டாள். ஐப்பசியில் சாரல் உள்ளே அடித்து அடுப்படிவரை நனைக்கும். அவள் துணியை எடுத்துவந்து துடைப்பாள்.