இரண்டாவது முறுக்குக் கடை

“தாயே, ஒரே மாவு. ஒரே எண்ணெய். ஒரே விலை. ஒரு கடையில லாபம், இன்னொரு கடையில நட்டம். இது என்ன நியாயம்?”

நம்பிராஜன் கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிவகாமி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் கஞ்சி மடம் என்றால் எல்லோருக்கும் தெரியும். தினமும் அறுபது பேருக்குக் கஞ்சி. கூடுவதில்லை, குறைவதில்லை. அந்த மடத்துக்குத் தலைவி அம்மை. வயது முப்பத்தாறு. நம்பிராஜனுக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் ஆறு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, தாயே என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

“லாபம் எந்தக் கடையில, அண்ணாச்சி?”

“வீட்டுக்குப் பக்கத்துக் கடையில. இருபத்திரண்டு வருஷமா ஓடுது. ஒரு நாளைக்கு ஐநூறு கைமுறுக்கு. ஒண்ணு ஆறு ரூவா. சரக்கு, வாடகை, கேஸு எல்லாம் போக எண்ணூத்தம்பது கையில நிக்கும்.”

“நட்டம்?”

“பஸ் ஸ்டாண்டுல போட்ட புதுக் கடையில. அங்கயும் அதே ஐநூறு, அதே ஆறு ரூவா. வாடகைகூட ஒண்ணுதான். சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் வித்துப்போகுது. ஆனா ஒரு நாளைக்கு அறுநூத்தம்பது கைய விட்டுப் போகுது. தொண்ணூத்திரண்டு நாளாச்சு.”

“ஐம்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.”

“ஆமா தாயே.” அவர் அந்தத் தொகையைச் சொல்லாமல் விட நினைத்திருந்தார்.

“வேலையாட்களுக்குக் கூலி உண்டா?”

“கூலி உண்டு. ஊர்ல எல்லாக் கடையிலயும் கூலி கொடுக்காங்க. அவங்க பிழைக்கலையா? வேலையாளுங்க திருடுதாங்களோன்னு பத்து நாள் பக்கத்துலயே இருந்து எண்ணினேன். ஒரு முறுக்கு குறையல.”

“அப்புறம்?”

“கண் திருஷ்டின்னாங்க. பூசணிக்காய் உடைச்சேன்.”

“அப்புறம்?”

“பக்கத்துக் கடைக்காரர் அதுல வழுக்கி விழுந்துட்டாரு. வைத்தியச் செலவு முந்நூத்தம்பது.”

அம்மை கீரைத் தண்டு ஒன்றைக் கிள்ளிப் போட்டார். உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு வெளியே வரவில்லை.

“வாசல் தெக்க பார்த்திருக்கதுதான் கோளாறுன்னு மனையடி பாக்குறவர் சொல்லுதாரு. கிழக்க மாத்தணும். அதுக்கும், கடையை நிமித்தி விடுறதுக்கும் ரெண்டு லட்சம் வேணும். வாற வெள்ளிக்கிழமை வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கப் போறேன். வைக்கலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

இரண்டு அறை வீடு அது. அவரும் மனைவி உலகம்மாவும் செங்கல் செங்கலாகச் சேர்த்துக் கட்டியது. அதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் இல்லை.

அம்மை கீரையை முறத்தில் அள்ளி வைத்தார்.

“நாளையிலிருந்து மூணு நாள் குருபூசை. வர்றவங்களுக்குத் தினம் ஐநூறு கைமுறுக்கு கொடுக்கணும். உங்க வீட்டம்மாவை அனுப்புவீங்களா?”

“தாராளமா. எங்களுக்குப் புண்ணியம்.”

“என்ன கூலி?”

நம்பிராஜன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “வீட்டு ஆளுக்குக் கூலியா? அதுவும் மடத்து வேலைக்கா?”

“வெளியாள் வந்தா என்ன கேப்பாங்க?”

“சுத்துறவங்க முறுக்குக்கு ஒரு ரூவா கேப்பாங்க. மாவு திரிச்சு, சலிச்சு, உளுந்து வறுத்து, பிசைஞ்சு, ஏனம் கழுவ தனியா ஒரு ஆள் வேணும். அதுக்கு நானூத்தம்பது.”

“சரி.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“வியாழக்கிழமை வாங்க.”



திங்கட்கிழமை காலை உலகம்மா மடத்துக்குப் போனார்.

அவருக்குப் பதிலாக வீட்டுப் பக்கத்துக் கடையில் முறுக்கு சுற்ற ஆவுடையும் அவள் தங்கையும் கூலிக்கு வந்தார்கள். இருவரும் வேட்டித் துணியை விரித்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.

“மாவு எங்க, அண்ணாச்சி?” என்றாள் ஆவுடை.

“அரிசி உலர்ந்திருக்கு. மில்லுக்குக் கொண்டு போகணும்.”

“கொண்டு போங்க.”

“நான் போனா அடுப்பை யாரு பாப்பா? நீங்க ஒரு எட்டு போயிட்டு வரலாம்லா?”

“எங்க கூலி சுத்துக்குத்தான். மில்லுக்கு நடக்கதுக்கு இல்ல.”

எட்டரை மணிக்கு அவர் மூன்றாவதாக ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தார். வழக்கமாக முதல் ஈடு முறுக்கு எண்ணெயில் இறங்குகிற நேரம் அது. அன்றைக்குப் பதினொன்றே கால் ஆயிற்று.

சாயங்காலம் கூலி வாங்கும்போது ஆவுடை கேட்டாள். “உலகம்மாக்கா இத்தனையையும் ஒத்த ஆளாவா செய்யுதாக?”

“ஆமா.”

“அவுகளுக்கு எத்தனை கையி?”

நம்பிராஜன் கூலியை எண்ணத் தொடங்கினார்.

ஐநூறு முறுக்கும் விற்றிருந்தது. சுற்றுக்கூலி ஐநூறு, மற்ற வேலைக்கு நானூற்றைம்பது. கொடுத்து முடித்தபோது சரக்குக் காசில் நூறு ரூபாய் துண்டு விழுந்தது.

செவ்வாயன்றும் நூறு.

புதனன்றும் நூறு.

திருஷ்டி இந்தக் கடைக்கும் நடந்து வந்துவிட்டது என்று அவர் முடிவு செய்தார். ஒரு பூசணிக்காய் வாங்கினார். முன்பு விழுந்தவரை நினைத்து உடைக்காமல் வைத்துக்கொண்டார்.



வியாழக்கிழமை பூசணிக்காயோடு மடத்துக்குப் போனார்.

“கூட்டுக்கு ஆகும்” என்று மடத்துச் சமையற்காரர் வாங்கிக்கொண்டார்.

குருபூசை முந்தின நாளே முடிந்திருந்தது. மிச்சம் இருந்த மாவோடு கூடத்தில் உலகம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பாயில் சிவகாமி அம்மை. அவர் கையிலும் மாவு.

“வாங்க அண்ணாச்சி. அக்கா மூணு நாளாச் சொல்லித் தர்றாங்க. எனக்கு மூணாவது சுத்துல பிஞ்சு போகுது.”

“விரலை இறுக்கிப் பிடிக்கீங்க” என்றார் உலகம்மா. “மாவைப் பிடிக்கக் கூடாது. அது போற போக்குல முறுக்கணும்.”

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைந்தன. மாவு கயிறுபோல் முறுக்கிக்கொண்டு இறங்கி, துணியில் வட்டமாகப் படுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து சுற்று. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. கடைசிச் சுற்றின் நுனி, தொட்டது தெரியாமல் ஒட்டிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. துணியில் வரிசைக்குப் பன்னிரண்டாக ஏழு வரிசை. ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தால் விளிம்பு பிசகாது.

வழிப்போக்கர் இரண்டு பேர் கஞ்சிக்கு வந்ததை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம்பிராஜனும் பார்த்தார்.

அவர் கடையில் அடுப்பு தெருவைப் பார்த்திருந்தது. சுற்றுகிற இடம் அவர் முதுகுக்குப் பின்னால். முறுக்கு கைக்கு வரும். வாங்கி எண்ணெயில் போடுவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் திரும்பி உட்கார்ந்து பார்த்ததில்லை.

கடைசி மாவும் முடிந்தது. அம்மை கை கழுவிவிட்டு வந்து உலகம்மாவிடம் பணத்தை நீட்டினார்.

“மூணு நாள். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரத்தம்பது வீதம் ரெண்டாயிரத்து எண்ணூத்தம்பது. சரி பாருங்க அக்கா.”

உலகம்மா இரண்டு தடவை எண்ணினார். முந்தானையில் முடிந்துகொண்டார். கணவரைப் பார்க்கவில்லை.

“தாயே, இவளை வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்றார் நம்பிராஜன். “மூணு நாளா அந்தக் கடையும் நட்டம். நாளுக்கு நூறு.”

“அப்படியா. அந்தக் கடைக்கு வாசல் எந்தப் பக்கம்?”

“கிழக்க.”

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அனுப்புறதுக்கு நான் யாரு, அண்ணாச்சி? அவங்களையே கேளுங்க.”

“உலகு, நாளைக்கு நம்ம கடைக்கு வருவேல்லா?”

“வாரேன். என்ன கூலி?”

நம்பிராஜன் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. சமையற்காரர்கூடப் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க வாங்கின கூலியைக் கொடுத்தா நமக்குக் கட்டுப்படியாகாது, உலகு.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

“இத்தனை வருஷம் எப்படிக் கட்டுப்படியாச்சு?” என்றார் அம்மை. கேலி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவர்போலக் கேட்டார்.

நம்பிராஜன் தூணோரம் சாய்ந்து விரல் கணுக்களில் கணக்குப் போட்டார். அவளுக்குத் தொள்ளாயிரத்தைம்பது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் அடுப்பு பார்க்கிற ஆளுக்கு ஐந்நூற்றைம்பது. அந்த வேலையை இந்தக் கடையில் செய்வது யார்? அவரேதான். இரண்டும் சேர்ந்தால் ஆயிரத்து ஐந்நூறு. கைக்கு வந்தது எண்ணூற்றைம்பது. குறைவது அறுநூற்றைம்பது.

மற்றக் கையில் மறுபடி எண்ணினார்.

பஸ் ஸ்டாண்டுக் கடையில் தினம் போகிற அதே அறுநூற்றைம்பது.

“தாயே, அப்ப ரெண்டு கடையும் ஒண்ணுதானா?”

அம்மை துணியில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டி உருட்டினார். மெதுவாக முறுக்கினார். ஒரு சுற்று வந்தது. இரண்டாவதும் வந்தது.

“பிஞ்சு போச்சு, அக்கா.”

“பரவாயில்ல. இது காஞ்ச மாவு” என்றார் உலகம்மா.

நம்பிராஜன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“நாளைக்குப் பத்திரம் வீட்டை விட்டுப் போகாது. புதுக் கடையை இந்த மாசத்தோட ஒப்படைச்சிடுதேன்.”

“சரி” என்றார் அம்மை.

“மிச்சம் இருக்கிற கடையை என்ன செய்யன்னு நீங்கதான் சொல்லணும்.”

“கஞ்சி நேரமாச்சு” என்று அம்மை எழுந்து உள்ளே போனார். அறுபது தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

நம்பிராஜன் உள்ளே பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு, உலகு. என்ன செய்யலாம்?”

உலகம்மா எதிரே காலியாகக் கிடந்த பாயைக் காட்டினார்.

“உக்காருங்க” என்றார்.