அக்கரையில் விட்ட பாவம்

சடையாண்டிக்கு முதலில் தீங்கு செய்தவன் மருதப்பன். ஊர்த்தலைவன் அவன். மற்றவர்களெல்லாம் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள். கதை கேட்க வந்தவர்களே, இந்தப் பெயரை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறுகளுக்குப் பாலம் இல்லாத காலம். ஆனைமேடு என்ற ஊரில் சடையாண்டி பரிசல் ஓட்டிப் பிழைத்தான். இக்கரையில் ஊரும் நெற்குதிர்களும். அக்கரையில் முள்ளுக்காடும் நரிகளும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஓர் உயிரைக் கையால் கொன்றால் ஏழு பிறவிக்கும் பாவம் என்று பயந்தார்கள். அதனால் வேண்டாத உயிரைக் கூடையில் மூடி அக்கரைக்கு அனுப்பினார்கள். 'கொன்றோம்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'விட்டோம்' என்பார்கள். நரி தின்றால் அது நரியின் பாவமாம்.

ஒருமுறை மருதப்பன் அரசனைப் பார்க்கப் புறப்பட்டபோது பூனை குறுக்கே போனது. போன காரியம் கெட்டது. திரும்பி வந்தவன், இனி ஊரில் ஒரு பூனையும் இருக்கக் கூடாது என்று பெரிய பூனைகளையெல்லாம் துரத்த வைத்தான். வாய் கட்டிய கூடை ஒன்றைச் சடையாண்டியிடம் நீட்டினான்.

"அக்கரையில விட்டுட்டு வாடா."

"உள்ள என்னங்க?"

"பரிசல்காரனுக்கு எதுக்குடா அந்தக் கேள்வி? தள்ளு."

நட்டாற்றில் கூடை கத்தியது. திறந்தான். மூன்று குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. ஈர மூக்கால் அவன் விரலை முட்டி முலை தேடின. சடையாண்டி பரிசலைத் திருப்பினான். அவன் மனைவி வள்ளிக்கண்ணு ஆட்டுப்பாலில் துணியை நனைத்து ஊட்டினாள்.

அடுத்த மாதம் ஒரு குருட்டு நாய். அதற்கடுத்த மாதம் கால் ஒடிந்த கன்று. விட்டுட்டு வா என்றார்கள். அவன் எடுத்துக்கொண்டு வந்தான்.

மருதப்பன் மன்றத்தைக் கூட்டினான். "விட்டதை எடுத்தவன் பாவத்தையும் எடுத்தவன். இவன் பரிசல்ல ஏறாதீங்க. இவன் வாசலை மிதிக்காதீங்க."

"விட்டதுல பாவமே இல்லேன்னீங்களே," என்றான் சடையாண்டி. "அப்புறம் நான் எதை எடுத்தேன்?"

மன்றம் கலைந்தது. அன்றிலிருந்து பரிசலில் ஏற ஆளில்லை.

ஆடியில் வள்ளிக்கண்ணு காய்ச்சலில் செத்தாள். பாடை தூக்க நாலு தோள் வேண்டும். சடையாண்டி தெருவை மூன்று முறை சுற்றினான். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒற்றைத் தோளில் அவளைச் சுமந்துபோய், தானே குழிவெட்டிப் புதைத்தான். குருட்டு நாய்தான் பின்னால் வந்தது.

அவன் குடிசையில் குட்டிகள் பெருகி இருபது பூனைகளாயின. ஊரில் எலிகள் பெருகின. முதல் ஆண்டு களத்து நெல்லைத் தின்றன. இரண்டாம் ஆண்டு குதிர் நெல்லைத் தின்றன. மூன்றாம் ஆண்டு விதைநெல்லில் வாய் வைத்தன. தொட்டில் பிள்ளையின் விரலையும் கடித்தன. ஒரே ஒரு குதிர் விதைநெல்தான் மிச்சம்.

மருதப்பன் வந்தான். வாசலுக்கு எட்டியே நின்றான்.

"என்னப்பா சடையாண்டி, பூனைப்பட்டி போட்டிருக்கே போல?"

"நீங்க போட்ட விதைதாங்க."

"அதுகளைக் கொடு. என்ன வேணும், கேளு."

"மன்றத்துல நின்னு, 'விட்டோம்'னு சொல்லாம 'கொன்னோம்'னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. எம் பொண்டாட்டி பாவத்தோட போனவ இல்லேன்னு ஊரு கேக்கணும்."

"அவ்வளவுதானே? அறுப்பு முடியட்டும், சொல்றேன்."

சொல்லமாட்டான் என்று சடையாண்டிக்குத் தெரியும். சொன்னால்தான் தருவேன் என்று உட்கார்ந்திருக்கலாம். அதற்குள் விதைநெல் போய்விடும். அது போனால் முதலில் சாவது மருதப்பன் அல்ல, பால்குடிப் பிள்ளைகள். அவர்களைச் சாகவிட்டு, 'நான் கொல்லவில்லை' என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பூனைகளைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

எலி ஒழிந்தது. விதை முளைத்தது. அறுப்பு முடிந்தது. மருதப்பன் மன்றத்தில் எழுந்தான். "தெய்வமே நமக்குப் பூனைகளை அனுப்பிச்சுது" என்றான். ஊர் கும்பிட்டது.

சில ஆண்டுகளில் மருதப்பனும் செத்தான். அவன் பாடைக்குத் தோள் கொடுக்க ஊரே முட்டி மோதியது. "சொல்லாமலே போறியே" என்று சடையாண்டி கத்தினான். பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மகன் தலைவனானான். ஒவ்வொரு அறுப்புக்கும் சடையாண்டி மன்றத்தின் ஓரத்தில் போய் நின்றான். அந்த ஒரு சொல் இன்னும் வரவில்லை.

சாகும் இடத்தில் ஓர் உயிரை விட்டு வந்தவனும் கொன்றவனே. அதைத் தன் வாயால் ஒப்புக்கொள்ளாதவரை அவன் பாவம் தீராது.