நாலு வரித் திருத்தம்

"பதினேழு நாளாச்சு. நாலே நாலு வரி. அதைச் சேக்குறதுல உங்களுக்கு என்ன தடை?"

உட்காரச் சொல்லியும் சொர்ணலிங்கம் உட்காரவில்லை. விலாசம் விசாரித்து, பாளையங்கோட்டையில் நிலோஃபர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு இருபத்தொன்பது; பிறவியிலேயே பார்வை கிடையாது.

பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை அவள் நடத்திவந்தாள். நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். சேர்ப்பதும் விடுவதும் நிலோஃபர் கையில்.

சொர்ணலிங்கம் நிரல் எழுதக் கற்றதே மனைவி மரகதத்துக்காகத்தான். மருந்துச் சீட்டில் '1/2 மாத்திரை' என்று இருந்ததை மென்பொருள் "ஒன்று இரண்டு மாத்திரை" என்று வாசித்தது. கண் தெரியாத மரகதம் இரண்டை விழுங்கினாள். ரத்த அழுத்தம் சரிந்து, குளியலறையில் விழுந்து, நெற்றியில் ஆறு தையல்.

அரை வருஷம் விடாமல் படித்தார். 1/2 வந்தால் 'அரை' என்று வாசிக்கும்படி நாலு வரி திருத்தி அனுப்பினார். அவருடைய முதல் திருத்தம்.

'பார்க்கிறேன்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அதோடு சரி.

"நீங்க தள்ளிப்போடுற ஒவ்வொரு நாளும் யாரோ ஒருத்தர் ரெண்டு மாத்திரை முழுங்குறாங்க, மேடம்."

"ஆமா, சார்."

"தெரிஞ்சுமா?"

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்க திருத்தத்தை இதுல மட்டும் போட்டு வச்சிருக்கேன். ஒரு கடிதத்தை வாசிக்கும். கேளுங்க."

இயந்திரக் குரல் வாசித்தது.

"இதய அறுவை சிகிச்சை. வர வேண்டிய தேதி, அரை. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றுடன் வரவும்."

"என்னைக்கு வரச் சொல்லுது?" என்றார் சொர்ணலிங்கம்.

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

1/2.

பிப்ரவரி ஒண்ணாம் தேதி.



"இது... யாருக்கு வந்த கடிதம்?"

"தூத்துக்குடியில ஒருத்தருக்கு. வாசிச்சுச் சொல்ல வீட்ல வேற ஆள் இல்ல. இந்தக் குரல்தான்."

"அவரோட மாத்திரைச் சீட்டு?"

"அதையும் இந்தக் குரல்தான் வாசிக்குது."

நிலோஃபரின் விரல் ஒரு விசையின் மேல் வந்து நின்றது.

"இதை அமுக்கினா எல்லார் வீட்டுக்கும் போயிரும். சேத்துரட்டுமா, சார்?"

சொர்ணலிங்கம் இரண்டு கைகளாலும் விசைப்பலகையைப் பொத்தினார்.