கீறல் படாத தள்ளுபலகை

ஆண்டவன் மூளை பங்கு வைத்த அன்றைக்குத் தவசியின் மரப்பட்டறை ஆட்கள் மூணு பேரும் வரிசையில்தான் நின்றார்களாம். "மத்தவங்க மொதல்ல வாங்கட்டும், நமக்கு என்ன அவசரம்" என்று ஒவ்வொருத்தருக்காக வழிவிட்டார்கள். இவர்கள் முறை வரும்போது சட்டி காலி. நல்ல மனசுக்காரர்கள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

மூத்தவன் கொம்பையா, அடுத்தவன் சங்கிலி, கடைசி மாசானம். மூணு பேருக்கும் நாற்பது தாண்டியாச்சு.

முதலாளி தவசிக்கு மகள் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா ஆறடிப் பலாப் பலகை ஒன்றைக் கொடுத்தனுப்பி, "எங்க தோட்டத்து மரம். இதுல செஞ்ச மணையில உக்காந்துதான் என் மகன் தாலி கட்டுவான்" என்று சொல்லிவிட்டாள். மணமேடையில் அடங்குவது மூணடி. இருப்பது ஒரே பலகை. கோணலாக வெட்டினாலும் வெட்டாமல் விட்டாலும் சம்பந்தி முன்னால் தவசி தலைகுனிந்து நிற்கணும். மனுஷனுக்கு அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை.

அதற்காகவே வட்டரம்ப மெஷினுக்குப் புதிதாக ஒரு தள்ளுபலகை செய்தார். மெஷின் மேசையில் நீளவாக்கில் பள்ளமாக இரண்டு காடி உண்டு. அதில் ஓடுகிற மாதிரி பலகைக்கு அடியில் இரண்டு சட்டம், மேலே முன்னும் பின்னும் ஒவ்வொரு தடுப்பு. மரத்தை அதன்மேல் வைத்துத் தள்ளுபலகையைத் தள்ளினால் மரம் கோணாமல் வெட்டுப்படும், விரலும் தப்பிக்கும்.

வெளியூருக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பும்போது தவசி சொன்னார்: "ஏலே, நல்லா கேளுங்க. மரத்தைத் தொட்டுத் தள்ளாதீங்க, தள்ளுபலகையைப் பிடிச்சுத் தள்ளுங்க. வெட்டி முடியுத வரைக்கும் மேல உள்ளதை எடுக்கப்படாது. நடுவுல நிறுத்தப்படாது. தள்ளுபலகை புதுசு, பத்திரம்."

"சரி அண்ணாச்சி" என்றார்கள். வினையே அந்தச் 'சரி'யில்தான் ஆரம்பம்.

ரம்பத்தை ஓடவிட்டுத் தள்ளினார்கள். புதுத் தள்ளுபலகையை முதல் தடவை ரம்பம் அறுத்துத் தனக்கு வழி பண்ணிக்கொள்ளும். அதுதான் முறை. மாசானம் அதைப் பார்த்ததும் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான்.

"நடுவுல நிறுத்தப்படாதுன்னாரேலே" என்றான் சங்கிலி.

"இது நடு இல்லண்ணே, ஆரம்பம். ரம்பம் பலாமரத்துக்கே இன்னும் வரல. அதுக்குள்ள தள்ளுபலகையைக் கடிச்சிட்டு."

கொம்பையா வெட்டுவாயைத் தடவிப் பார்த்தான். "ஒரு சாண் போயிருக்கு. பத்திரம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே" என்று சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, காயவைத்து, மறுபடி தள்ளினார்கள். அதே இடத்தில் மறுபடி அறுத்தது. ஏழு தடவை அப்பினார்கள். ஏழு தடவையும் அறுத்தது. அப்போதுதான் சங்கிலிக்கு யோசனை வந்தது.

"ரம்பம் உசரமா நிக்கதுனாலதானே படுது. கீழ இறக்கிட்டா என்ன?"

இறக்கினார்கள். மேசைக்கு அடியில் ரம்பம் தன்பாட்டுக்குச் சுற்றியது. மேலே தள்ளுபலகை வழுக்கிக்கொண்டு போய்வந்தது. புதிதாக ஒரு கீறல் இல்லை. முறைவைத்து இரண்டு நாள் தள்ளினார்கள். விரல்களை எண்ணினார்கள், முப்பதும் இருந்தன.

தவசி போன் பண்ணினார். "மணை வேலை என்னாச்சு?"

"தள்ளிக்கிட்டே இருக்கோம் அண்ணாச்சி, நிறுத்தவே இல்ல" என்றான் கொம்பையா. தவசி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார், பாவம்.

கல்யாணத்தன்று மூணு பேரும் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். தள்ளுபலகையும் அதன்மேல் முழுசாக ஆறடிப் பலாவும்.

"மூணடி மணை எங்கலே?" என்றார் தவசி, பலாவின் நீளத்தைக் கையால் அளந்தபடி.

"அதுக்குள்ளதான் இருக்கு அண்ணாச்சி. வெட்டி முடியல, அதான் மேல இருந்து எடுக்காமலே கொண்டாந்துட்டோம்."

அதற்குள் சம்பந்தியம்மா வந்துவிட்டாள். பலாப் பலகையைத் தடவிப் பார்த்தாள். "எங்க மரத்துல ஒரு வெட்டுகூடப் போடாம வச்சிருக்கீங்களே. இந்த மரியாதை யாருக்குத் தெரியும்" என்று மூக்கை உறிஞ்சினாள். தவசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேடையில் அடங்காததால் கீழே மொசைக் தரையிலேயே அக்கினி வளர்த்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் அதன்மேல் உட்காரவைத்தார்கள். சாய்ந்துகொள்ளத் தடுப்பு வேறு இருந்தது. தாலி ஏறியது.

"எழுந்து அக்கினியை மூணு சுத்து வாங்க" என்றார் புரோகிதர்.

மாப்பிள்ளை எழுந்தான். கொம்பையா தோளைப் பிடித்து உட்காரவைத்தான். "மேல உள்ளதை எடுக்கப்படாதுன்னு உத்தரவு, மாப்ள."

மூவரும் குனிந்தார்கள். மரத்தைத் தொடாமல், தள்ளுபலகையை மட்டும் பிடித்து, ஒரே சீராகத் தள்ளினார்கள். புதுச் சடங்கு போல என்று சனம் பூ தூவியது. மூணு சுற்றும் முடிந்தது. நாலாவது சுற்றில் பலகை வாசல் பக்கம் திரும்பியது.

"எங்கண்ணே போறோம்?" என்றான் மாப்பிள்ளை.

"பட்டறைக்கு. மணையை இன்னும் வெட்டலையே."

மாப்பிள்ளை பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சங்கிலிக்கு மனசு கேட்கவில்லை. தள்ளிக்கொண்டே குனிந்து அவன் காதில் சொன்னான்:

"பயப்படாதீங்க மாப்ள. ரம்பத்தைக் கீழ இறக்கித்தான் வச்சிருக்கோம்."