சபை சொன்ன பதில்

"பிரசங்க நேரத்துல பிள்ளைகள வெளிய அனுப்பிருங்கம்மா" என்றார் அருமைநாயகம்.

குருவானவர் தயாவதி அப்போதுதான் வீடு சந்திப்பு முடிந்து திரும்பியிருந்தார். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வாங்கய்யா. இருந்து பேசுவோம்."

"இருக்க வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

இருந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்தார்.

அருமைநாயகத்துக்கு வயது அறுபத்து நான்கு. தயாவதிக்கு முப்பத்தாறு. ஆனாலும் வேதத்தில் ஒரு சந்தேகம் வந்தால் அவர் தேடி வருவது இந்த வீட்டுக்குத்தான். தயாவதி அந்தச் சபைக்கு வந்த மூன்று வருடத்தில் நாற்பத்தொரு தடவை வந்திருந்தார். இது நாற்பத்திரண்டு.

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். பஞ்சாலையில் எடைபோடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நோட்டை அவர் விடவில்லை.

"நேத்து நீங்க பேசினது முப்பத்தோரு நிமிஷம். அதுக்குள்ள பிள்ளைங்க சத்தம் பத்தொன்பது தடவை. அழுகை ஆறு. தண்ணி பாட்டில் விழுந்தது நாலு. ஓட்டம் மூணு. சிரிப்பு அஞ்சு. ஒரு பிள்ளை 'முடிஞ்சிருச்சா'ன்னு சத்தமா கேட்டது ஒண்ணு."

"அதை நானும் கேட்டேன்" என்றார் தயாவதி. "எனக்கும் அந்நேரம் அதேதான் தோணுச்சு."

அருமைநாயகம் சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்லம்மா. வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆச்சு. ஆறு நாளும் சுவரப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஏழாம் நாள் ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தா, அதையும் கேக்க விடமாட்டேங்குதுங்க. பின்னால தகரக் கொட்டகை சும்மாதான கிடக்கு? அங்க உக்கார வைங்க."

அவர் சொன்னது மெய் என்று தயாவதிக்குத் தெரியும்.

"சரிய்யா. வர்ற ஞாயித்துக்கிழமையே உக்கார வச்சிரலாம்."

இவ்வளவு சீக்கிரம் சம்மதம் வரும் என்று அருமைநாயகம் எதிர்பார்க்கவில்லை. நோட்டை மூடினார்.

"அதுக்கு முன்ன ஒரு வேலை இருக்கு" என்றார் தயாவதி. "நம்ம கோயில்ல ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, கடைசியில சபையாரப் பாத்து ஒரு கேள்வி கேப்போமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்காம என்ன? 'இந்தப் பிள்ளை ஆண்டவரை அறிந்து வளர, சபையாராகிய நீங்கள் துணைநிற்பீர்களா?'"

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"'நிற்போம்'னு சொல்லுவோம்."

"முணுமுணுப்பீங்களா, சத்தமா சொல்லுவீங்களா?"

"சத்தமாத்தான். அதுல என்ன வெக்கம்?"

"இப்ப ஓடியாடித் திரியற பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பீங்க?"

அருமைநாயகம் நோட்டைத் திறக்கவில்லை. "இருபத்து மூணு."

"சரி. அந்த இருபத்து மூணு வீட்டுக்கும் போங்க. ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, 'அன்னைக்கு நிப்பேன்னு சொன்னேன், இனிமே நிக்க மாட்டேன்'னு சொல்லிட்டு வாங்க. யார்கிட்ட சொன்னோமோ அவங்க கிட்டதான மாத்திச் சொல்லணும்?"

"நான் மட்டுமா? எல்லாருந்தான சொன்னாங்க?"

"வெளிய அனுப்பணும்னு கேட்டு வந்தது நீங்க மட்டுந்தான?"

அருமைநாயகம் யோசித்துப் பார்த்தார். எடை குறைந்தால் ஆளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்வதுதான் அவர் முப்பது வருடம் பார்த்த வேலை. குருவானவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது.

"போயிட்டு வாரேன்" என்றார்.

மறுநாள் காலை முதல் வீடாகச் சுகிர்தாவின் வீட்டுக்குப் போனார். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த வீடுதான். எண்ணி நூற்றுப் பத்து அடி.

சுகிர்தா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது.

"வாங்க மாமா. என்ன, எங்க வீட்டுச் சத்தம் அங்க வரைக்கும் கேக்குதோ?"

அருமைநாயகம் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு வாரமா உங்களக் கோயில்ல காணோம்."

"நீங்க ஒரு தடவை திரும்பிப் பாத்தீங்களே மாமா. அந்தப் பார்வை ரெண்டு வாரத்துக்குப் போதும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். "பிள்ளை எங்க? அவகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"எப்சி! ஏட்டி எப்சி!"

சத்தம் இல்லை.

சுகிர்தா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கட்டிலுக்கு அடியில இருக்கா. உங்களக் கண்டதும் நுழைஞ்சிட்டா. நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் கூப்பிட்டா வரமாட்டா."

அருமைநாயகம் கட்டிலருகே போனார். குனிந்தார். தெரியவில்லை. ஒரு முழங்காலை ஊன்றினார், பிறகு மற்றதை. அப்போதும் முகம் தெரியவில்லை. கடைசியில் தரையில் ஒருக்களித்துப் படுத்தார்.

சுவரோரத்தில் ஐந்து வயது எப்சிபா உட்கார்ந்திருந்தாள். வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள்.

"எப்சி."

அவள் விரல்களுக்கு இடையில் பேசினாள். "நான் சத்தமே போடல தாத்தா."

அருமைநாயகம் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார்.

"சத்தத்துக்காக வரல. கைய எடு."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன். அதப் பத்திப் பேச வந்தேன்."

கை இறங்கியது. "அப்ப நான் எவ்வளவு பெருசு?"

"பதினோரு வாரம்."

"என்னைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அஞ்சாவது பெஞ்சுல இருந்தேன்."

"அழுதேனா?"

"இல்ல. தும்முன. ரெண்டு தரம். ரெண்டாவது தும்மல்ல அப்ப இருந்த குருவானவர் அங்கியெல்லாம் தண்ணி."

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எல்லாரும் திட்டுனாங்களா?"

"சிரிச்சோம்."

"நீங்களுமா?"

"நானுந்தான்."

அவள் அதை நம்பலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு சாண் முன்னால் நகர்ந்தாள்.

"சரி, என்ன சொன்னீங்க?"

"நீ இயேசுவ அறிஞ்சு வளர நான் துணைநிப்பேன்னு சொன்னேன்."

அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எப்சிபா, "அப்ப உங்ககிட்ட கேக்கலாமா?" என்றாள்.

"என்னத்த?"

"எங்க அப்பா மஸ்கட்ல இருக்காரு. அங்க ராத்திரி அவரு ஜெபம் பண்ணும்போது, இங்க நாங்களும் பண்ணுதோம். இயேசு யாரு சொல்லுறத முதல்ல கேப்பாரு?"

"ரெண்டையும் கேப்பாரு."

"ஒரே நேரத்துலயா?"

"ஒரே நேரத்துல."

"எப்படி?"

எட்டு வயதிலிருந்து அருமைநாயகம் பிரசங்கம் கேட்டு வருகிறார். அம்மை போட்டுப் படுத்திருந்த மூன்று வாரம் நீங்கலாக, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது பிரசங்கம். அவ்வளவையும் படுத்தபடியே தேடிப் பார்த்தார்.

வாசலிலிருந்து சுகிர்தா குரல் கொடுத்தாள். "தினமும் வீட்டு ஜெபத்துல இதையேதான் கேக்கா மாமா. எனக்குச் சொல்லத் தெரியல. கோயில்ல போய் யார்கிட்டயாவது கேளுன்னு சொல்லலாம்னா, அங்க வாயத் திறக்க முடியுமா?"

அருமைநாயகம் அசையவில்லை.

"தாத்தா, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. யோசிக்கேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் தயாவதியின் வீட்டுக்கு வந்தார். சட்டை முழங்கையில் தரைத்தூசி இருந்தது. நோட்டைக் காணோம்.

"எத்தனை வீடு முடிஞ்சுதுய்யா?"

"முதல் வீடே முடியலம்மா. மூணு நாளா அங்கதான் போயிட்டு வாரேன்."

"ஏன்?"

எப்சிபா கேட்டதைச் சொன்னார். தயாவதி கன்னத்தில் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"தெரியலன்னு சொன்னேன்."

"அதோட விட்டுட்டாளா?"

"விடுவாளா? 'எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல, அப்ப சேந்து கண்டுபிடிப்போம்'னு சொல்லுதா. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வாராளாம். என் பக்கத்துல உக்காருவாளாம். நீங்க பேசுறதுல அதுக்குப் பதில் வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பாளாம். புரியலன்னா என்கிட்ட கேப்பாளாம்."

"ஆராதனை முடிஞ்சு கேக்கச் சொல்லலாமே."

"சொல்லாம இருப்பனா? அதுக்குள்ள மறந்துபோகுமாம். தோணும்போதே கேக்கணுமாம்."

"நான் பேசிக்கிட்டு இருக்கும்போதா?"

அருமைநாயகம் எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"நீங்கதாம்மா கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசணும்."